எல்லைக்கு ஒரே பெரிய மென்பொருளா, இருப்பதை இணைப்பதா?

எந்த நாட்டு எல்லையாக இருந்தாலும் அங்கே ஒரு துறை மட்டும் உட்கார்ந்திருப்பதில்லை. குடிவரவு, சுங்கம், போலீஸ், தாவர நோய்த் தடுப்பு, உணவுப் பாதுகாப்பு என்று வரிசையாக இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனி மென்பொருள், தனிப் படிவம், தனி பாஸ்வேர்டு. சுங்க முகவர் ஒரே இன்வாய்ஸ் எண்ணை நான்கு இடத்தில் தட்டச்சு செய்கிறார், நான்கில் ஒன்றில் ஓர் இலக்கம் தப்பினால் கண்டெய்னர் நிற்கிறது. இதைச் சரிசெய்யக் கிளம்பும் அரசுகளுக்கு முன்னால் பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டு எல்லாவற்றுக்கும் ஒரே புதிய அமைப்பைக் கட்டலாம். இருக்கும் அமைப்புகளை விட்டுவைத்து அவற்றுக்கு முன்னால் ஒற்றைச் சாளரம், அதாவது எல்லாத் துறைக்கும் பொதுவான ஒரே நுழைவிடம், வைத்து இணைக்கலாம். இல்லை, வேறு நாடுகள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் தயார் மென்பொருளை வாங்கிப் பொருத்தலாம்.

முதல் வழிதான் அமைச்சர்களுக்குப் பிடித்தது. படத்தில் பார்க்க அவ்வளவு சுத்தமாக இருக்கும். நடந்த கதைகளைப் பார்த்தால் எனக்கு இதன்மேல் நம்பிக்கை வரவில்லை. பிரிட்டனின் இ-பார்டர்ஸ் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நாட்டுக்குள் வரும், வெளியேறும் ஒவ்வொரு பயணியின் விவரத்தையும் பயணத்துக்கு முன்பே வாங்கிச் சரிபார்ப்பது என்பது நோக்கம், நல்ல நோக்கம்தான். 2007-இல் ரேதியான் என்ற அமெரிக்க நிறுவனத்தோடு பெரிய ஒப்பந்தம் போட்டார்கள், 2010-இல் ரத்து செய்தார்கள். அந்த நாட்டுத் தணிக்கை அலுவலகம் 2015-இல் பார்த்தபோது, இ-பார்டர்ஸுக்கும் அதற்குப் பின்வந்த திட்டங்களுக்கும் சேர்த்து 83 கோடி பவுண்டாவது செலவாகியிருந்தது. ஆனால் எல்லை அதிகாரிகள் இன்னும் 1990-களில் வந்த எச்சரிக்கைப் பட்டியல் அமைப்பைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். நூற்றுக்கணக்கான விமான, கப்பல், ரயில் நிறுவனங்களும் ஏகப்பட்ட அரசு அமைப்புகளும் ஒரே நேரத்தில் ஒத்துவந்தால்தான் ஓடும் என்கிற மாதிரி திட்டம் போட்டால் இப்படித்தான் ஆகும்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது இன்னொரு வகை. 2005 அக்டோபரில் இறக்குமதிச் சரக்குக்கான புதிய ஒருங்கிணைந்த அமைப்புக்கு நாடு முழுக்க ஒரே வீச்சில் மாறினார்கள். சுங்க முகவர்களின் மென்பொருளும் அரசின் அமைப்பும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை, அறிக்கைகளும் அறிவிப்புகளும் பொருந்தவில்லை, சிட்னி, மெல்பர்ன் துறைமுகங்களில் கண்டெய்னர்கள் குவிந்தன. அங்கே மென்பொருள் கடைசிவரை வரவே இல்லை என்று சொல்ல முடியாது. வந்தது, ஆனால் பயன்படுத்துகிறவர்கள் தயாராகும் முன்பே வந்துவிட்டது.

சரி, இரண்டாவது வழி. இதன் மூத்த உதாரணம் சிங்கப்பூரின் டிரேட்நெட், 1989 ஜனவரி 1-ஆம் தேதி தொடங்கியது. வணிகர் ஒரே விண்ணப்பத்தை ஒரே இடத்தில் கொடுக்கிறார், அது சம்பந்தப்பட்ட துறைகளுக்குத் தானாகப் போகிறது, அந்தந்தத் துறை தன் முடிவைத் தானே எடுக்கிறது. அனுமதிக்கு நாள்கணக்கில் காத்திருந்த காலம் போய் நிமிடங்களில் பதில் வர ஆரம்பித்தது. இதில் எனக்குப் பிடித்தது அதன் அடக்கம். வணிக ஆவணம் என்கிற ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், உலகத்தையே மாற்றக் கிளம்பவில்லை. 2017-இல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் வர்த்தக வசதி ஒப்பந்தமும் ஒற்றைச் சாளரத்தைத்தான் வலியுறுத்துகிறது. ஆனால் ஓர் ஆபத்து: சாளரம் மட்டும் ஒன்றாகி, பின்னால் துறைகள் அதே பழைய காகிதத்தைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் அது வெறும் இணையதளம், வேறொன்றுமில்லை.

பயணிகள் பக்கத்தில் இதே இணைப்பு வழியை ஐரோப்பிய ஒன்றியம் எடுத்திருக்கிறது, அங்கேதான் விஷயம் நுணுக்கமாகிறது. தேடப்படும் ஆட்கள், பொருட்களின் பட்டியலான ஷெங்கன் தகவல் அமைப்பு, விசா தகவல் அமைப்பு, தஞ்சம் கோருவோரின் கைரேகைகள் உள்ள யூரோடாக், 2025 அக்டோபரில் படிப்படியாகத் தொடங்கிய நுழைவு-வெளியேற்றப் பதிவு ஆகியவற்றையும் இன்னும் சிலவற்றையும் கலக்காமல், மேலே ஒரு பொதுத் தேடலும் அடையாள ஒப்பீடும் வைக்க 2019-இல் சட்டம் போட்டார்கள். ஒரே ஆள் இரண்டு பதிவுகளில் வேறு வேறு விவரத்தோடு இருப்பதாகத் தோன்றினால் அந்தச் சட்டப்படி முதலில் மஞ்சள் இணைப்பு விழும், அதாவது ஓர் அதிகாரி கையால் சரிபார்க்க வேண்டும். ஒரே ஆள்தான், நியாயமான காரணத்தால் விவரம் மாறியிருக்கிறது என்றால் வெள்ளை. இரண்டு வேறு ஆட்கள் என்றால் பச்சை. ஒரே ஆள் முறையில்லாமல் இரண்டு அடையாளம் வைத்திருந்தால் சிவப்பு. திருமணத்துக்குப் பின் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்ட பெண்ணை நினைத்துப் பாருங்கள். முகம்மது என்ற பெயரை ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக எழுதுகிறார்கள் என்றும் பாருங்கள். இப்படிப்பட்டவர்கள் மஞ்சளிலிருந்து வெள்ளைக்கோ பச்சைக்கோ எவ்வளவு வேகமாகப் போகிறார்கள் என்பதில்தான் இந்த வழியின் தரம் இருக்கிறது. இதற்கு ஆள் போடாமல் தரவை மட்டும் இணைத்தால், முன்பு ஒரு துறையில் இருந்த பிழை இப்போது எல்லாத் துறைக்கும் பரவும்.

மூன்றாவது வழிக்கு அசிக்குடா என்ற சுங்க மென்பொருள் நல்ல உதாரணம். ஐநாவின் வர்த்தக, வளர்ச்சி அமைப்பான அங்டாட் இதை 1980-களில் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் வர்த்தகப் புள்ளிவிவரத்துக்காகத் தொடங்கியது, இன்று சுமார் 100 நாடுகளிலும் பிரதேசங்களிலும் சுங்கம் அதில் ஓடுகிறது. ஒவ்வொரு சரக்கு அறிவிப்புக்கும் அது ஒரு நிறம் தரும் (மேலே சொன்ன ஐரோப்பிய நிறங்கள் வேறு): பச்சை என்றால் சரக்கு உடனே விடுவிப்பு, மஞ்சள் என்றால் ஆவணம் பார்ப்பார்கள், சிவப்பு என்றால் பெட்டியைத் திறப்பார்கள், நீலம் என்றால் இப்போது விட்டுவிட்டுப் பிறகு தணிக்கை. சின்ன நாடுகள் கோடி கோடியாகக் கொட்டிப் புதிதாக எழுதுவதைவிட இது எவ்வளவோ மேல். ருவாண்டா தன் ஒற்றைச் சாளரத்தையே இதன்மேல்தான் கட்டியது. குறை என்னவென்றால் இது அடிப்படையில் சுங்கத்துக்கான கருவி, பயணிகள் பக்கத்துக்கு வேறு ஏற்பாடு தேவை.

பாதுகாப்பா வேகமா என்று சண்டை போடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டையும் சேர்த்துத் தருவது முன்கூட்டியே வரும் தகவல்தான். கப்பலில் ஏற்ற 24 மணி நேரத்துக்கு முன்பே சரக்குப் பட்டியலைக் கொடு என்று அமெரிக்கா 2002-இல் விதித்தது அதற்காகத்தான். பெட்டி வருவதற்குள் எதைத் திறக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால் மற்றவற்றை நிறுத்த வேண்டியதே இல்லை. இதற்கு அந்தத் தகவல் சுங்கம், போலீஸ், நோய்த் தடுப்பு மூவருக்கும் ஒரே வடிவத்தில் போய்ச் சேர வேண்டும். எந்த விவரத்தை எந்த வடிவத்தில் எழுதுவது என்று வகுக்கும் உலகச் சுங்க அமைப்பின் பொதுத் தரவு மாதிரி அதற்கென்றே இருக்கிறது, மூன்று வழியில் எதில் போனாலும் அதை முதலில் ஏற்றுக்கொள்வது நல்லது.

என் தேர்வு இரண்டாவது வழிதான், சின்ன நாடு என்றால் மூன்றாவதின்மேல் இரண்டாவது. ஒரு துறை, ஒரு நுழைவாயில், ஒரு ஆவணம் என்று தொடங்கி விரிக்கலாம், தப்பு நடந்தால் திரும்பிப் போகவும் பாதை இருக்கும். முதல் வழியில் அது கிடையாது. இணைப்பு கூடக் கூட ஒரு கோளாறு தொடும் இடமும் கூடும் என்பதையும் மறைக்க வேண்டாம்: 2024 மே மாதம் ஓர் இரவு பிரிட்டன் முழுக்க விமான நிலையங்களில் பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கும் தானியங்கி வாயில்கள் சேர்ந்தாற்போல நின்றபோது மணிக்கணக்கில் வரிசை நீண்டது. அதனால் விற்க வருகிறவர்களிடம் திரையில் ஓடும் டெமோவைக் கேட்பதற்கு முன், சர்வர் நான்கு மணி நேரம் படுத்துவிட்டால் அதிகாரி கையில் என்ன பட்டியல் இருக்கும், அது எப்போது புதுப்பிக்கப்பட்டதாக இருக்கும், அந்த நேரத்தில் விட்ட ஆட்களையும் பெட்டிகளையும் பிறகு யார் பதிவில் ஏற்றுவார்கள் என்று கேட்டு, பதிலை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும்.