நான்கு ஆண்டுகள், இரண்டு வடிகட்டி பாட்டில்கள்

பயணங்களில் கடைத் தண்ணீர் வாங்குவதைக் குறைக்க எண்ணி, உள்ளேயே வடிகட்டி பொருத்திய, பிழிந்து குடிக்கும் 600 மில்லி பாட்டில் ஒன்றை நான்கு ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். அதன் முதல் பயணம் நேபாளத்தின் அன்னபூர்ணா சுற்றுப்பாதை. அங்கே உயரம் ஏற ஏறத் தண்ணீரின் விலையும் ஏறும் என்பதால், வழியிலுள்ள மனாங் கிராமத்துக்குப் போய்ச் சேர்வதற்குள்ளேயே பாட்டிலின் விலையில் பெரும்பகுதி எனக்குத் திரும்பிவிட்டது.

அந்த வடிகட்டி, நூல் போன்ற நுண்குழல்களின் கட்டு. குழல் சுவர்களில் இருக்கும் துளைகள் 0.1 மைக்ரான் அளவானவை; பாக்டீரியாவும், குளோரின் மாத்திரைக்கு எளிதில் மசியாத கிரிப்டோஸ்போரிடியம் போன்ற ஒட்டுண்ணிகளும் அவற்றைவிடப் பெரியவை என்பதால் வெளியிலேயே நின்றுவிடுகின்றன. ஆனால் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 0.03 மைக்ரான்கூட இல்லை; தாராளமாக உள்ளே போகும். பெட்டியில் 99.9999 சதவீதம் என்று பெரிய எழுத்தில் இருந்தது, அது பாக்டீரியாவுக்கு மட்டும் என்பது சிறிய எழுத்தில் இருந்தது. உப்பையும் ஆர்செனிக்கையும் இவ்வகை வடிகட்டி தொடுவதே இல்லை.

அந்தப் பாதையின் உயரமான கணவாய்க்குக் கீழே உள்ள தோரோங் பேடியில், ஏறத்தாழ 4,450 மீட்டர் உயரத்தில், பாட்டிலைப் பையின் வெளிப்புற உறையிலேயே வைத்துவிட்டுத் தூங்கினேன். காலையில் குலுக்கியபோது உள்ளே பனிக்கட்டி கலகலத்தது. நனைந்த குழல்கள் ஒருமுறை உறைந்தால் விரிசல் விடக்கூடும்; விரிசலைக் கண்ணால் காண வழியில்லை, தண்ணீரும் முன்போலவே தெளிவாகத்தான் வரும். ஆகவே, விடுதியில் காய்ச்சிய நீரைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டே கணவாயைக் கடந்தேன். அந்த உயரத்தில் தண்ணீர் 85 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும் என்றாலும் கிருமிகளைக் கொல்ல அது போதும். அதன்பின் குளிர்ப் பிரதேசங்களில், வடிகட்டி உள்ள பாட்டில் எதுவானாலும் அதைக் கம்பளிக் காலுறைக்குள் நுழைத்து, தூங்கும் பைக்குள் காலடியில் வைத்துக்கொள்கிறேன்.

கலங்கல் நீர் இன்னொரு தொல்லை. பனிப்பாறை உருகி வரும் சாம்பல் நிற ஆற்று நீரை நேரடியாக ஊற்றினால், இரண்டு நாளில் ஒரு மிடறுக்கே கை வலிக்கப் பிழிய வேண்டியிருக்கும். இரவில் ஒரு பாத்திரத்தில் தெளியவைத்து, மேல்நீரை மட்டும் ஊற்றுவதே நல்லது.

வியட்நாம் பயணத்துக்காக, வைரஸையும் நீக்கும் அமுக்கு வகை பாட்டிலை வாங்கினேன். ஹனோய் விடுதியின் குளியலறைத் தரையில் அதை நிறுத்தி, முழு உடல் எடையையும் கொடுத்து அழுத்தினால் நீர் மெல்ல மேலேறும். கார்ட்ரிட்ஜ், அதாவது கழற்றி மாற்றும் வடிகட்டி, புதியது என்றால் எளிதுதான். நாளாக நாளாக அது உடற்பயிற்சி. குழாய் நீரின் குளோரின் வாடையை அதிலுள்ள கார்பன் நன்றாகவே போக்கியது. எடை அதிகம், மாற்று கார்ட்ரிட்ஜின் விலையும் அதிகம், எனினும் ஊர்ப்புறங்களுக்கு இனி இதைத்தான் எடுத்துச் செல்வேன்.

உறைந்துபோன வடிகட்டியைக் கழற்றி எறிந்துவிட்டேன். பழைய பாட்டிலை, விமான நிலையச் சோதனையைக் காலியாகக் கடந்தபின் உள்ளே இருக்கும் குடிநீர்க் குழாயில் நிரப்பிக்கொள்ள மட்டும் இன்றும் பயன்படுத்துகிறேன்.