ஸ்டார் ட்ரெக் பொஸ்தகம்: எபிசோடை எழுதுனதா, புதுக்கதையா?

போன வாரம் டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில ஸ்டார் ட்ரெக்ங்கிற அமெரிக்க விண்வெளி டிவி சீரியலோட பொஸ்தகம் ரெண்டு மாட்டுச்சு. ரெண்டுமே ஜேம்ஸ் பிளிஷ் எழுதுனது, ஒண்ணு 1967ல வந்த முதல் தொகுப்பு, இன்னொண்ணு 1970ல வந்த 'ஸ்பாக் மஸ்ட் டை' நாவல். ஒண்ணு 60 ரூவா. ஜிகர்தண்டா குடிச்சது போக என்கிட்ட இருந்தது 70.

"பைய பாத்து எடுங்க தம்பி, அட்டையப் பிச்சுராதீங்க"ன்னாரு கடைக்கார அண்ணே.

தொகுப்புல டிவில வந்த எபிசோடுகளச் சுருக்கி 7 சிறுகதையாக்கி இருக்காரு. ஸ்கிரிப்ட்ட வச்சு எழுதுனதால திரையில பாத்ததுக்கும் இதுக்கும் அங்கங்க ஒட்டாது. வேகமா ஓடுது, ஆனா பந்தியில சாம்பார் சோத்தப் பிசையறதுக்குள்ள பாயாசம் வந்துட்ட மாதிரி இருக்கு. ஆனா வீடியோ கேசட் இல்லாத காலத்துல ஒரு எபிசோட விட்டவனுக்கு இதான் கதி, அத மறந்துட்டுப் பேசக்கூடாது. டாக்டர் ஹூங்கிற பிரிட்டிஷ் டிவி சீரியல் கதி இன்னும் மோசம், பிபிசிக்காரங்க பழைய டேப்ப அழிச்சே போட்டாங்க, அதனால டெரன்ஸ் டிக்ஸ் மாதிரி ஆளுங்க நாவலாக்குனதுக்கு அங்க மவுசே வேற, அவரு ஒருத்தரே 60க்கு மேல எழுதித் தள்ளிருக்காரு.

நாவலுக்கு வருவோம். ட்ரான்ஸ்போர்ட்டர்ல, அதாவது ஆள இங்க கரைச்சு வேற எடத்துல சேத்து நிறுத்துற மெஷின்ல, ஒருத்தன அனுப்புனா போய்ச் சேர்றது அதே ஆளா, இல்ல இவனக் கொன்னுட்டு நகல் எடுத்து அனுப்புதான்னு விண்கப்பல் டாக்டர் மெக்காய் ஆரம்பத்துலயே கெளப்பி விடுறாரு. அப்புறம் ஒரு சோதனையில கேப்டனுக்கு அடுத்த அதிகாரி ஸ்பாக் ரெண்டு பேராயிடுறாரு, யாரு அசல்னு கேப்டன் கிர்க்குக்கே தெரியல. நகல் ஸ்பாக் கண்ணாடி பிம்பம் மாதிரி, ஒடம்புல உள்ள அமினோ அமிலம் வரைக்கும் எடவலம் மாறிக் கெடக்கு, அதனால கப்பல்ல போடுற சாப்பாடு அவனுக்குச் செரிக்காது, தனக்கு ஒத்துக்கிறத தயார் பண்ணிக்க லேபுக்குள்ள போயி கதவப் பூட்டிட்டு ஒக்காந்துக்கிடுறான். சோத்த வச்சு ஆளப் பிடிக்கிற இந்த ஒத்த விஷயம் எனக்குப் போதும்ங்க, அம்பது நிமிஷ எபிசோடுல இதுக்கெல்லாம் எங்க நேரம்.

குறையும் இருக்கு. கடைசியில எதிரி இனமான கிளிங்கான்காரங்களுக்கு ஆயிரம் வருஷம் விண்வெளித் தடைன்னு முடிச்சுட்டாரு, பின்னால வந்த சீரியல் எல்லாத்துலயும் அவங்க ஜம்முன்னு கப்பல்ல சுத்துறாங்க. நாவல்ல எழுதுனத டிவிக்காரன் மதிக்கணும்னு சட்டமா என்ன. சில நேரம் மதிப்பாங்க, அதே கப்பல ஓட்டுற சுலுவோட முதல் பேரு ஹிகாருன்னு வோண்டா மெக்கின்டயர் 1981 நாவல்ல வச்சதுதான், 1991ல சினிமாவுலயே வந்துருச்சு.

சீரியலே பாக்காதவனுக்குத் தொகுப்பு சரி. நான் பாத்தவன், நாவலத்தான் எடுத்தேன்.

மீதி 10 ரூவாய நீட்டி தொகுப்ப எடுத்து வைங்கண்ணேன்னேன். "பத்து ரூவாக்கு அட்வான்ஸா"ன்னு சிரிச்சுக்கிட்டே வாங்கி மேசையில போட்டாரு. சனிக்கிழமைக்குள்ள வரணுமாம். பஸ்ஸுக்குக் காசில்ல, அரசரடி வரைக்கும் நடைதான்.