அமினோ அமிலப் பவுடர்: டப்பாவின் முன்பக்கத்தை விடுங்கள், லைசின் வரியைப் பாருங்கள்

தாவர உணவு மட்டும் உண்பவர்களுக்கான அமினோ அமிலப் பவுடர்கள் பெரும்பாலும் லூசினைக் காட்டித்தான் விற்கப்படுகின்றன. அமினோ அமிலங்கள் புரதத்தின் கட்டுமானக் கற்கள், லூசினும் லைசினும் அவற்றில் இரண்டு. தசைப் புரதம் உருவாவதைத் தூண்டுவதில் லூசினுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது உண்மைதான். ஆனால் தானியத்தை நம்பியிருக்கும் உணவில் முதலில் குறைவது லைசின். எந்த டப்பாவைக் கையில் எடுத்தாலும் பின்பக்க அட்டவணையில் லைசின் எத்தனை மில்லிகிராம் என்று முதலில் தேடுங்கள். உடலால் தானே உருவாக்க முடியாத ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களையும் சேர்த்து ‘கலவை 8 கிராம்’ என்று ஒரே வரியில் முடித்திருந்தால் அந்த டப்பாவைத் திருப்பி வைத்துவிடலாம். அளவைச் சொல்ல விரும்பாத கலவையில் விலை குறைந்ததுதான் அதிகம் இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, வளர்ந்தவருக்கு ஒரு நாளில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் லைசின் 30 மி.கி., லூசின் 39 மி.கி., மெத்தியோனினும் சிஸ்டைனும் சேர்ந்து 15 மி.கி., டிரிப்டோஃபான் 4 மி.கி. தேவை. 60 கிலோ எடையுள்ளவருக்கு லைசின் 1,800 மி.கி. கோதுமைப் புரதத்தில் கிராமுக்கு ஏறக்குறைய 27 மி.கி. லைசின்தான். ஒருவர் 50 கிராம் புரதத்தையும் கோதுமையிலிருந்தே எடுத்தால் 1,350 மி.கி. கிடைக்கும், 450 மி.கி. குறையும். செரிமான இழப்பைச் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வேகவைத்த பருப்பு 100 கிராமில் 600 மி.கி.க்குக் குறையாமல் லைசின் இருக்கிறது. ஒரு கிண்ணம் பருப்பிலேயே பள்ளம் நிரம்பிவிடுகிறது.

ஆகவே தினமும் பயறு, பருப்பு, சோயா சாப்பிடுகிறவருக்கு இந்தப் பவுடர் வீண் செலவு. பயறு வகை வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர், பசி குறைந்த முதியவர், எடை குறைப்பதற்காகச் சாப்பாட்டையே சுருக்கியவர், கடும் உடற்பயிற்சி செய்துவிட்டு போதிய அளவு சாப்பிட முடியாதவர்: இவர்களுக்குத்தான் பயன்.

கடைகளில் கிடைப்பவற்றில் பிசிஏஏ (BCAA, கிளைச்சங்கிலி அமினோ அமிலங்கள்) பவுடரை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அதில் லூசின், ஐசோலூசின், வாலின் மூன்றும் பெரும்பாலும் 2:1:1 விகிதத்தில் இருக்கும். லைசின் துளியும் இல்லை. புரதம் கட்ட ஒன்பது அத்தியாவசிய அமிலங்களும் ஒரே சமயத்தில் வேண்டும். மூன்றை மட்டும் கொட்டினால் மீதி ஆறை உடல் தன் தசையிலிருந்தே எடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே லைசின் குறைந்த உணவுக்கு இதைவிடப் பொருந்தாத துணை இல்லை.

அடுத்தது இஏஏ, அதாவது ஒன்பதும் உள்ள பவுடர். இதில் பார்க்க வேண்டியது விகிதம். மேலே சொன்ன தேவையில் லைசின், லூசினின் முக்கால் பங்குக்குச் சற்று மேல். பவுடரிலும் அதற்குக் குறையக் கூடாது. தாவர உணவுக்காரருக்கு இரண்டும் சமமாக இருந்தாலும் நல்லதே. 10 கிராம் ஸ்கூப்பில் லூசின் 4 கிராமும் லைசின் 1 கிராமும் போட்டிருந்தால், அது பிசிஏஏ-வுக்கு மாற்றுச் சட்டை போட்டது. லூசின் 2.5 கிராம், லைசின் 2 கிராம் என்றிருந்தால் ஒழுங்கான தயாரிப்பு. டிரிப்டோஃபான், மெத்தியோனின், ஹிஸ்டிடின் மூன்றும் பெயருக்கு 10, 20 மி.கி. மட்டும் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பிறகு எல்லா வரிகளையும் கூட்டி ஸ்கூப் எடையோடு ஒப்பிடுங்கள். ஃபிளேவர் இல்லாத பவுடரில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஃபிளேவர் சேர்த்ததில் சிட்ரிக் அமிலமும் இனிப்பூட்டியும் இரண்டு மூன்று கிராமை எடுத்துக்கொள்வது சாதாரணம்.

ஒரே குறை லைசின் மட்டும்தான் என்றால், தனி லைசினே மலிவு, நேர்த்தி. அது பெரும்பாலும் ஹைட்ரோகுளோரைடு உப்பாக வரும். எடையில் 80 சதவீதம்தான் லைசின். 450 மி.கி. லைசினுக்கு உப்பு ஏறத்தாழ 560 மி.கி. எடுக்க வேண்டும். லேபிள் உப்பின் எடையைச் சொல்கிறதா லைசினின் எடையைச் சொல்கிறதா என்று பார்க்காமல் விட்டால் ஐந்தில் ஒரு பங்கு கணக்கு தப்பும்.

புரதமும் அமினோ அமிலமும் கலந்த பவுடர்களில் வேறொரு சூழ்ச்சி உண்டு. புரத அளவை நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கிக் கணிக்கும் வழக்கம் இருக்கிறது. கிளைசினில் நைட்ரஜன் கிட்டத்தட்ட 18.7 சதவீதம். 10 கிராம் கிளைசினைச் சேர்த்தால் கணக்கில் 11.7 கிராம் ‘புரதம்’ என்று வரும். மலிவானது, இனிப்பானது, அத்தியாவசியப் பட்டியலில் இல்லாதது. பொருட்பட்டியலில் கிளைசின், டாரின் முன்வரிசையில் இருந்தால் புரத எண்ணை நம்பாதீர்கள். ‘0 கலோரி’ என்ற வரியும் இதே ரகம்தான்: அமினோ அமிலத்துக்கும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கலோரி உண்டு.

‘தூய’ என்ற சொல்லை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. மூலம் என்ன என்று கேளுங்கள். சில அமினோ அமிலங்களைப் பறவை இறகு, முடி போன்றவற்றை அமிலத்தில் சிதைத்தும் எடுக்கிறார்கள். சிஸ்டைனுக்கும் பிசிஏஏ-வுக்கும் இது பழைய வழி. தாவர உணவுக்காரர் தேட வேண்டியது ‘நொதித்தல் மூலம் தயாரித்தது’ என்ற உறுதி. சர்க்கரைக் கரைசலில் பாக்டீரியாவை வளர்த்து லைசின், த்ரியோனின் போன்றவற்றை எடுக்கும் முறை அது. மெத்தியோனின் பெரும்பாலும் வேதித் தொகுப்பில் வருவது. அது விலங்கு மூலம் அல்ல என்பதால் பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் பெயருக்கு முன் ‘எல்’ இருக்க வேண்டும், ‘டிஎல்’ (எல் வடிவமும் அதன் கண்ணாடிப் பிம்ப வடிவமும் கலந்தது) கூடாது. எளிதில் கரையச் செய்யச் சேர்க்கும் லெசித்தின் சோயாவா சூரியகாந்தியா என்பது ஒவ்வாமை உள்ளவருக்கு முக்கியம். மாத்திரை வடிவில் வாங்கினால் உறை ஜெலட்டினாக இருக்கலாம்.

வாங்கும் டப்பாவின் தயாரிப்புத் தொகுதிக்கான (batch) பகுப்பாய்வுச் சான்றிதழை அனுப்பச் சொல்லுங்கள். அதில் தொகுதி எண் டப்பாவில் உள்ளதோடு பொருந்த வேண்டும்; ஒவ்வொரு அமிலத்தின் தூய்மை 98.5 சதவீதத்துக்கு மேல், ஈயம், ஆர்சனிக், காட்மியம், பாதரசம், நுண்ணுயிர் எண்ணிக்கை எல்லாம் எண்ணாக இருக்க வேண்டும். ‘தேர்ச்சி’ என்று மட்டும் எழுதிய தாள் போதாது. 1989-இல் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வந்த மாசுபட்ட டிரிப்டோஃபானால் அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேல் கடும் தசைவலி நோய்க்கு ஆளானார்கள், முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விளையாட்டுப் போட்டியில் கலந்துகொள்பவர்கள், தடைசெய்யப்பட்ட பொருள்களுக்காகச் சோதித்துத் தரும் ‘இன்ஃபார்ம்ட் ஸ்போர்ட்’ அல்லது ‘என்எஸ்எஃப் சர்ட்டிஃபைட் ஃபார் ஸ்போர்ட்’ முத்திரை உள்ளதையே எடுக்கட்டும்.

சுவை விஷயத்தில் ஏமாற்ற வேண்டாம்: ஃபிளேவர் இல்லாத பவுடர் கசக்கும், மெத்தியோனினால் லேசான கந்தக வாடையும் வரும். வாடையே இல்லாத இஏஏ-வில் மெத்தியோனின் எவ்வளவு என்று லேபிளை இன்னொரு முறை பாருங்கள். புளிப்பான பழச்சாறு கசப்பை ஓரளவு அடக்கும். லூசின் நீரில் ஒட்டாமல் மேலே மிதக்கும். அறை வெப்பத்தில் ஒரு லிட்டரில் 24 கிராம் அளவுதான் கரையும். 10 கிராம் பவுடருக்கு 350 மி.லி. தண்ணீராவது வேண்டும். முதலில் 50 மி.லி.யில் போட்டு நன்றாகக் குலுக்கி, மீதியை ஊற்றி, பத்து நிமிடம் விட்டு மறுபடி குலுக்குங்கள். குறைந்த நீரில் கெட்டியாகக் குடித்தால் குடலுக்குள் நீர் இழுக்கப்பட்டு வயிற்றுப்போக்கு வரும். முதல் வாரம் 5 கிராமோடு நிறுத்துங்கள். பொடி பஞ்சுபோல் இருப்பதால் ஸ்கூப் அளவு ஆளுக்கு ஆள் மாறும், 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுப்பதே சரி.

பினைல்கீட்டோனூரியா (பினைல்அலனினை உடலால் சிதைக்க முடியாத பிறவி நோய்) உள்ளவர்கள் இதைத் தொடவே கூடாது, ஒன்பதில் பினைல்அலனினும் ஒன்று. மனச்சோர்வுக்குச் செரட்டோனினைக் கூட்டும் மருந்து எடுப்பவருக்கு டிரிப்டோஃபான் ஆபத்தாகலாம். பார்க்கின்சனுக்கு லெவோடோபா எடுப்பவருக்கு இந்த அமிலங்கள் மருந்து உறிஞ்சப்படுவதோடு போட்டியிடும். சிறுநீரக நோய், கர்ப்பம் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் வாங்க வேண்டாம். பி12, இரும்பு, அயோடின் எதையும் இந்தப் பவுடர் தராது. அவற்றுக்கு வேறு ஏற்பாடு வேண்டும்.

லைசின் உப்பு ஈரத்தை இழுக்கும் என்பதால் ஈர ஸ்கூப்பை உள்ளே போடாதீர்கள். வெறும் கட்டியானால் உடைத்துப் பயன்படுத்தலாம். கட்டியோடு பழுப்பு நிறமும் ஏறியிருந்தால் லைசின் வினைபட்டு வீணாகியிருக்க வாய்ப்பு அதிகம். அந்த டப்பா குப்பைக்கு.