10ஜி எஃப்பிஜிஏ போர்ட்டை 1ஜிக்கு இறக்க: டிரான்ஸீவரை மாற்றவா, மாட்யூலை மாற்றவா?

எஃப்பிஜிஏ (உள்சுற்றை நாமே அமைத்துக்கொள்ளும் சிப்) போர்டில் இருப்பது எஸ்எஃப்பி பிளஸ் (10ஜி, அதாவது விநாடிக்கு 10 கிகாபிட், மாட்யூல் செருகும் இடம்), எதிரே இருப்பதோ பழைய 1ஜி ஸ்விட்ச். வழி இரண்டு: எஃப்பிஜிஏவுக்குள் இருக்கும் டிரான்ஸீவரின் (பிட்களை அதிவேகமாக அனுப்பி வாங்கும் பகுதி) வேகத்தையே இறக்குவது, அல்லது வேகத்தை மாற்றித் தரும் மாட்யூலைச் செருகுவது.

வேலை: டிரான்ஸீவரை 10.3125 ஜிபிபிஎஸ்-இலிருந்து 1.25-க்கு இறக்கினால் பிசிஎஸ்ஸும் (பிட்களைக் குறியாக்கும் அடுக்கு) மாறும், 64பி/66பி குறியாக்கம் போய் 8பி/10பி வரும். ரெஃபரன்ஸ் கிளாக்கைப் பற்றிப் பயம் வேண்டாம், 156.25 மெகாஹெர்ட்ஸை 8 மடங்காக்கினால் சரியாக 1250, ஆனால் ஓடும்போதே வேகம் மாற வேண்டுமென்றால் டிஆர்பி (ஓடும்போதே டிரான்ஸீவர் அமைப்பை மாற்ற உதவும் போர்ட்), ரீசெட் வரிசை என்று தலைவலிதான். ரேட் அடாப்டேஷன் (இரு பக்க வேக வித்தியாசத்தை மாட்யூலே சமாளிப்பது) உள்ள காப்பர் மாட்யூல் என்றால் செருகினால் போதும், எஃப்பிஜிஏ பக்கம் 10ஜியாகவே இருக்கும்.

செலவு: முதலாவதில் உழைப்பு, இரண்டாவதில் பணம். மாட்யூல் நன்றாகச் சூடாகும் வேறு.

பாக்கெட் இழப்பு: இங்கேதான் பலர் மாட்டுவார்கள். மாட்யூலின் பஃபர் சின்னது, நிரம்பினால் பாஸ் ஃபிரேம் ('கொஞ்சம் நிறுத்து' என்னும் செய்தி) அனுப்பும், உங்கள் மேக் (எஃப்பிஜிஏவில் ஈதர்நெட் ஃபிரேம்களைக் கையாளும் பகுதி) அதை மதிக்காவிட்டால் பாக்கெட் சத்தமில்லாமல் விழும். டிரான்ஸீவர் வழியில் மேக்கே 1ஜியில் ஓடுவதால் இந்தத் தொல்லை இல்லை.

லேபில் சோதிக்க, பாஸ் ஆதரவு இருந்தால், மாட்யூல். எதிர்முனை 1ஜி ஃபைபர், அல்லது நேர முத்திரை துல்லியமாக வேண்டும் என்றால் டிரான்ஸீவர்தான்.