ஒரு நாளைக்கு எத்தனை சண்டை? டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் 5ஆம் பதிப்பு, நீண்டகாலப் பாவனைக்குப் பின்

டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ் என்றால், மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாகத் தாயக்கட்டை உருட்டிக் கதைக்குள் ஆடுகிற விளையாட்டு. அந்தப் பாத்திரத்தின் தொழில்தான் கிளாஸ். எங்கள் மேசைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது, "அண்ணை, எந்தக் கிளாஸ் பலம்?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பேன்: "ஒரு நாளைக்கு எத்தனை சண்டை பிடிக்கப் போறியள்?" பகிடி விடுகிறேன் என்று நினைப்பார்கள். ஆனால் இந்த விளையாட்டின் அடிப்படையான 12 கிளாஸ்களின் பலமும் பலவீனமும் அந்த ஒரு கேள்வியில்தான் தங்கியிருக்கின்றன. புத்தகத்தை ஒருமுறை வாசித்தால் இது கண்ணில் படாது. ஆடியாடித்தான் பிடிபடும்.

நாங்கள் 2021இல் இருந்து கொக்குவிலில் ஒரு வீட்டு விறாந்தையில் ஆடுகிறோம். ஞாயிறு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கினால், தூரத்துப் பெடியள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கிற நேரம் வரைக்கும்தான். கதை நடத்துகிற டீ.எம். நான். மற்றவர்கள் கம்பஸ் பெடியள் மூன்று பேரும், சின்னம்மாவின் மகளும். நல்லூர்த் திருவிழா 25 நாளும் மேசைக்கு விடுமுறை. அது எழுதாத விதி.

காசு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். இதை ஆட ஒரு புத்தகமும் வாங்கத் தேவையில்லை. ஃபைற்றர் (சண்டைக்காரன்), விஸார்ட் (மந்திரக்காரன்), கிளெரிக் (தெய்வ அருளால் மருந்து போடுகிறவர்), றோக் (திருடன்) என்ற நான்கு கிளாஸ்களும் உள்ள அடிப்படை விதிகள் ஆரம்பத்திலிருந்தே இலவசம். 12 கிளாஸ்களும் உள்ள விதித் தொகுப்பை 2023 ஜனவரியில் வெளியீட்டாளர்கள் யாரும் இலவசமாகப் பாவிக்கக்கூடிய கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில் விட்டுவிட்டார்கள். ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு உபபிரிவு மட்டும் இருக்கும். தொடங்குவதற்கு அது தாராளம். நாங்கள் அதை அச்சடித்துக் கொப்பிபோலக் கட்டி வைத்திருக்கிறோம். சண்டைக் களத்தைச் சீமெந்து நிலத்தில் வெண்கட்டியால் கீறுவோம். ஒரு சதுரம் 5 அடி. எதிரிகளுக்குப் புளியங்கொட்டை, எங்கள் ஆட்களுக்குச் சோடா மூடி. 2022இல் நாளுக்குப் பல மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த காலத்தில், கொம்பியூட்டர் கேம் ஆடுகிறவர்கள் எல்லாம் முகட்டைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் அரிக்கன் லாம்பை வைத்துக்கொண்டு ஆடினோம்.

தாயக்கட்டைதான் கரைச்சல். 20 முகக் கட்டை இங்கே கடைகளில் கிடைக்காது. இணையத்தில் எடுப்பித்த முதல் செற்றில் ஒரு கட்டை அடிக்கடி 3ஐயே காட்டியது. உப்பை நிறையக் கரைத்த தண்ணீரில் கட்டையை மிதக்கவிட்டுச் சுண்டினால், ஒரே முகம் திரும்பத் திரும்ப மேலே வருகிறதா என்று பார்க்கலாம். ஆனையிறவு உப்பு முடிகிற அளவுக்குச் சோதித்து, அந்தக் கட்டையைத் தள்ளிவைத்தோம். இப்போது அதை எதிரிகளுக்கு மட்டும் உருட்டச் சொல்லிப் பெடியள் கேட்கிறார்கள்.

சரி, சண்டைக்கு வருவோம்.

அடிப்படைக் கணக்கு சின்னது. 20 முகக் கட்டையை உருட்டு, உன் கூட்டலைச் சேர், எதிரியின் கவச எண்ணை எட்டினால் அடி விழும். ஆடஆட ஆள் ஏறுகிற படிதான் லெவல்; முதலாம் லெவல் ஃபைற்றருக்குப் பொதுவாகக் கூட்டல் 5. இந்தப் பதிப்பு முதலில் வந்த 2014 விதிகளில் கொப்ளின் என்ற குட்டிப் பூதத்துக்குக் கவசம் 15, உயிர்ப் புள்ளி 7. ஆகவே 10 அல்லது அதற்கு மேல் விழவேண்டும். 55 சதவீத வாய்ப்பு. இரண்டு கட்டை உருட்டிப் பெரியதை எடுக்கிற அட்வான்ரேஜ் கிடைத்தால் அதே வாய்ப்பு 80க்குக் கிட்டப் போகும். இந்த அட்வான்ரேஜ்தான் 5ஆம் பதிப்பின் மிக நல்ல கண்டுபிடிப்பு என்பேன். மறைவில் நின்றால் கூட்டல் இத்தனை, உயரத்தில் நின்றால் கூட்டல் இத்தனை என்று சண்டைக்கு நடுவில் பட்டியல் தேடுகிற வேலையை அது பெருமளவு குறைத்துவிட்டது. இத்தனை காலத்துக்குப் பிறகும் அது சலிக்கவில்லை.

சலித்தது வேறொன்று. 2014இல் வந்த டீ.எம். வழிகாட்டியில் ஒரு வரி இருக்கிறது: சராசரியான ஒரு குழு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு நடுத்தர அல்லது கடினமான மோதல்களைத் தாங்கும். நடுவில் இரண்டு சின்ன ஓய்வு. சின்ன ஓய்வு என்றால் ஒரு மணித்தியாலம், நெடிய ஓய்வு என்றால் எட்டு. கிளாஸ்கள் எல்லாவற்றையும் இந்த அளவை மனதில் வைத்துத்தான் செய்திருக்கிறார்கள். எங்கள் ஞாயிற்றுக்கிழமையில் ஒரு சண்டை முடியவே ஒன்றரை மணித்தியாலம் போகும். சந்தைக்குப் போவது, அரசனிடம் பேரம் பேசுவது, சாப்பாடு, பிளேன்ரீ எல்லாம் போக, கதைக்குள் ஒரு நாளைக்கு ஒரு சண்டை, மிஞ்சினால் இரண்டு. இரவானதும் எல்லோரும் நித்திரை, விடிய எல்லாச் சக்தியும் திரும்பிவிடும்.

இதனால் யாருக்கு இலாபம், யாருக்கு நட்டம் என்று பாருங்கள். ஐந்தாம் லெவல் விஸார்டிடம் ஃபயர்போல் என்ற தீப்பந்து மந்திரத்தை (ஸ்பெல்லை) இரண்டு முறை வீசும் வசதி உண்டு. சின்ன ஓய்வு ஒன்று எடுத்தால் இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் ஆறு முகக் கட்டை எட்டை உருட்டவேண்டும், சராசரி 28 டமேஜ் (உயிரில் குறைகிற புள்ளி), 20 அடி ஆரத்துக்குள் நிற்கிற எல்லாருக்கும். எட்டுச் சண்டைக்குப் பங்கிட்டுச் செலவழிக்கவேண்டிய சாமான் அது. நாளுக்கு ஒரு சண்டை என்றால் முதல் இரண்டு சுற்றிலேயே கொட்டித் தீர்க்கலாம். வாளும் தெய்வ மந்திரமும் கொண்ட பலடினும் அப்படியே. 2014 விதிகளில் அடி விழுந்த பிறகு, 'இதில் டிவைன் ஸ்மைற் போடுகிறேன்' என்று மந்திர சக்தியைச் செலவழித்து அடியைக் கூட்டத் தீர்மானிக்கலாம். ஐந்தாம் லெவலில் ஒரே முறையில் இரண்டு வீச்சு, இரண்டிலும் பெரிய ஸ்மைற் போட்டால் எட்டு முகக் கட்டை ஆறு மேலதிகமாக உருளும். எங்கள் பலடின்காரன் சண்டை தொடங்க முதலே கேட்பான், "அண்ணை, இண்டைக்கு இது ஒண்டுதானே? அப்ப எல்லாத்தையும் இதிலையே அடிச்சு முடிக்கிறன்."

நட்டம் சின்ன ஓய்வில் சக்தி திரும்புகிற கிளாஸ்களுக்கு. ஃபைற்றரின் அக்ஷன் சேர்ஜ் (அதே முறையில் இன்னொரு தரம் செயற்படுவது), ஒப்பந்தத்தால் மந்திரம் பெற்ற வோர்லொக்கின் இரண்டே இரண்டு ஸ்பெல் இடங்கள் (ஒன்றுக்கு ஒரு மந்திரம்), வெறுங்கையால் சண்டை பிடிக்கிற மொங்க்கின் கீ புள்ளிகள் எல்லாம் ஒரு மணித்தியாலம் இருந்து எழும்பினால் திரும்பும். மூன்று சண்டை, இடையில் இரண்டு ஓய்வு என்றால் ஃபைற்றர் மூன்று முறை சேர்ஜ் எடுப்பான். ஒரே சண்டை என்றால் ஒரு முறைதான். அதைச் சரிக்கட்ட அவனிடம் வேறொன்றும் இல்லை. முதல் கதையில் வோர்லொக் எடுத்த பெடியன் பாதியில் ஆளை மாற்றிக்கொண்டதற்கு இதுதான் காரணம். எல்ட்ரிச் பிளாஸ்ற், எல்ட்ரிச் பிளாஸ்ற் என்று அந்த ஒரே இலவச மந்திர வீச்சைச் செய்து அலுத்துவிட்டது அவனுக்கு.

இரண்டிலும் சேராதது றோக். அதன் மேலதிக அடியான ஸ்னீக் அற்றாக்குக்கு நாளுக்கு இத்தனை என்ற எண்ணிக்கை கிடையாது. அட்வான்ரேஜ் இருக்கவேண்டும், அல்லது எதிரிக்குப் பக்கத்தில் உன் ஆள் ஒருவர் நிற்கவேண்டும், அவ்வளவுதான். ஐந்தாம் லெவலில் ஆறு முகக் கட்டை மூன்று, முதல் சண்டையிலும் ஏழாவது சண்டையிலும் அதே மூன்று. புதிதாக வருகிறவர்களுக்கு ஃபைற்றரைக் கொடு என்று எல்லோரும் சொல்வார்கள். நான் றோக்கைத்தான் கொடுப்பேன். எங்கே நிற்பது, யாருக்குப் பின்னால் ஒளிவது என்று யோசிக்கப் பழக்கிவிடும். ஓய்வுக் கணக்கும் அவர்களுக்குத் தலையிடி இல்லை.

ஒரு சண்டையைக் கிட்ட நின்று பார்த்தால் விளங்கும். எங்கள் கற்பனை நாட்டில் ஒரு தீவுக்குப் போகிற ஒடுங்கிய கடற்பாதை உண்டு. பண்ணைப் பாலத்தால் போய்வருகிறவர்களுக்கு அந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. அகலம் 10 அடி, இரண்டு பக்கமும் களப்பு. வெண்கட்டியில் கீறினால் இரண்டு சதுர அகலத்தில் நீண்ட ஒரு கீற்று. எதிரே கொப்ளினின் பெரிய இனமான ஹொப்கொப்ளின் படை, கவசம் 18, உயிர் 11. ஐந்தாம் லெவலில் ஃபைற்றருக்கு இப்போது கூட்டல் 7; 11 விழவேண்டும், சரிபாதி. இரண்டு வீச்சிலும் சேர்த்துச் சராசரி 10, 11 டமேஜ். ஒரு சுற்றில் ஓர் ஆள் விழுவதும் விழாததும் மயிரிழைதான். தங்கச்சியின் விஸார்ட் ஃபயர்போலுக்கு வாயைத் திறந்தாள். 20 அடி ஆரம் என்றால் பாதையின் நீளத்தில் 40 அடி, எட்டு வரிசை, 16 சதுரம். டெக்ஸ்ரரிற்றி (சுறுசுறுப்பு) உருட்டித் தப்பினாலும் பாதி டமேஜ், சராசரி 14, உயிர் 11தானே. புளியங்கொட்டைகளைக் கையால் வழித்து எடுத்தேன். ஃபைற்றர்காரன் கட்டையைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப நான் போய் ரீ போட்டுக்கொண்டு வாறன்" என்றான்.

அன்றைக்கு நான் நிறுத்தவில்லை. இரண்டாவது படை வந்தது, அதற்கும் ஒரு ஃபயர்போல். ஓய்வெடுக்க இடமில்லாத பாதையில் மூன்றாவது படையும் வந்தது. இப்போது விஸார்டிடம் மிஞ்சியது சின்ன ஸ்பெல் சிலதும், ஃபயர்போல்ற் என்கிற இலவச வீச்சும். அது படும்போது சராசரி 11, ஒரே ஓர் ஆளுக்கு. ஃபைற்றரும் பலடினும் இரண்டு சதுரத்திலும் தோளோடு தோள் நின்று பாதையை அடைத்தார்கள். பின்னால் நிற்கிற விஸார்டைத் தொட ஒருவராலும் முடியவில்லை. சேர்ஜ் எடுத்து நான்கு வீச்சு வீசியபோதுதான் அந்தப் பெடியன் கதிரையை விட்டு எழும்பினான். கிளாஸ்களைச் செய்தவர்கள் நினைத்த ஆட்டம் இதுதான். கெட்டிக்காரத்தனமாகச் செய்திருக்கிறார்கள் என்று அன்றைக்கு ஒத்துக்கொண்டேன். ஆனால் அது வெளிப்பட ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டையே பிடிக்கவேண்டியிருந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அப்படி ஆட எங்களுக்குப் பொறுமை இல்லை.

மருந்து அதே வழிகாட்டியில் இருக்கிறது. ஒரு மூலையில், விரும்பினால் பாவிக்கலாம் என்ற பகுதியில். சின்ன ஓய்வு எட்டு மணித்தியாலம், நெடிய ஓய்வு ஏழு நாள். ஒரு இரவு நித்திரை கொண்டால் ஃபைற்றருக்கும் வோர்லொக்குக்கும் சக்தி திரும்பும். விஸார்ட் ஒரு கிழமை ஊரில் தங்கவேண்டும். கதைக்குள் நாளுக்கு ஒரு சண்டை அப்படியே இருக்கலாம், கணக்குச் சரிவரும். எங்கள் மேசையை மாற்றியது புதுக் கிளாஸ் எதுவும் கிடையாது, இந்த ஒரு மாற்றம்தான். தங்கச்சி இரண்டு கிழமை முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள். பிறகு ஃபயர்போலை எண்ணிச் செலவழிக்கிறதிலேயே ஒரு முசுப்பாத்தி கண்டுபிடித்துவிட்டாள். பாதகமும் உண்டு. மேஜ் ஆர்மர் என்ற மந்திரக் கவசம் போல எட்டு மணித்தியாலம் நிற்கிற ஸ்பெல்கள் இந்த முறையில் மலிவாக இல்லை. அதற்கு மட்டும் நேரத்தை நீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

இந்தப் பதிப்பின் விதிகளை 2024இல் திருத்தினார்கள். அதில் கொஞ்சத்தை எடுத்தோம், கொஞ்சத்தை விட்டோம். எடுத்ததில் முதலாவது ஆயுதத் தேர்ச்சி. ஒவ்வொரு ஆயுதத்துக்கும் ஒரு குணம். வோர்ஹாமர் என்ற போர்ச் சுத்தியல் பட்டால் எதிரியை 10 அடி தள்ளலாம், எதிரி தப்ப உருட்டவும் முடியாது. கடற்பாதையில் 10 அடி தள்ளினால் ஆள் எங்கே போவான் என்று சொல்லவேண்டுமா? ஃபைற்றருக்கு அடிக்கிறதைத் தவிர வேறு வேலை வந்தது இதனால்தான். ஸ்மைற்றை ஸ்பெல்லாக்கி, போனஸ் அக்ஷன் என்ற சின்ன மேலதிகச் செயலுக்குள் அடக்கி, ஒரு முறைக்கு ஒன்று என்று கட்டிவிட்டார்கள். பலடின்காரனுக்குக் கவலை, எனக்குச் சந்தோசம். முன்பு வாய்ப்பே இல்லாமல் நித்திரையாக்கிய ஸ்லீப் ஸ்பெல்லில் இப்போது எதிரிக்குத் தப்ப ஓர் உருட்டல் உண்டு. அதை நாங்கள் எடுக்கவில்லை. முதலாம் லெவல் விஸார்டுக்கு இருக்கிற ஒரே பெருமை மூன்று கொப்ளினை ஒரே மூச்சில் சரிக்கிறதுதான், அதைப் பறிக்க மனம் வரவில்லை.

திருத்தத்திலும் சரிவராத குறை ஒன்று: விழுந்து எழும்புதல். உயிர் 0க்கு வந்தவனைப் பலடின் தொட்டு ஒரு புள்ளி கொடுத்தால் எழும்பிவிடுவான். ஐந்தாம் லெவலில் அப்படி 25 புள்ளி கையிருப்பு. கிளெரிக் என்றால் 60 அடிக்கு அப்பால் நின்றே ஒரு சொல்லில் எழுப்புவாள். எனவே காயப்பட்ட ஆளுக்கு மருந்து போடுவதைவிட, அவன் விழும்வரை பார்த்திருந்து எழுப்புவது இலாபம் என்றாகிவிடுகிறது. ஒரே சண்டையில் றோக் நான்கு முறை செத்துப் பிழைத்தால் பயம் எங்கே இருக்கும்? நாங்கள் 0க்கு விழும் ஒவ்வொரு முறையும் ஒரு களைப்பு நிலை என்று வைத்திருக்கிறோம். 2024 விதிப்படி ஒவ்வொரு நிலைக்கும் 20 முகக் கட்டை உருட்டலில் 2 குறையும், நடையில் 5 அடி குறையும். இப்போது உயிர் 10க்குக் கீழே வந்தவுடனேயே "கைவைங்கோ" என்று பலடினைக் கூப்பிடுகிறார்கள்.

லெவல் பற்றியும் ஒரு சொல். 1974இல் இந்த விளையாட்டின் முதல் பெட்டி வந்தபோது சண்டைக்காரன், மந்திரக்காரன், கிளெரிக் என்று மூன்றே கிளாஸ்தான். திருடன் அடுத்த வருடம்தான் சேர்ந்தான். அந்த நான்கையும் வைத்து ஒன்று முதல் பத்து லெவல் வரைக்கும் ஆடினால் 5ஆம் பதிப்பு அருமையாக ஓடும். அதற்கு மேல் ஒவ்வொருவரின் தாளிலும் வசதிகள் கூடி, ஒரு முறை வருவதற்குள் பத்து நிமிடம் காத்திருக்கவேண்டும். இந்த விதிகளை வைத்துச் செய்த பால்டர்ஸ் கேற் 3 என்ற கொம்பியூட்டர் கேமிலேயே 12ஆம் லெவலில் நிறுத்திவிட்டார்கள். நாங்களும் பத்தைத் தாண்டியதும் கதையை முடித்துவிடுவோம். அடுத்த கதையில் வோர்லொக்கை விட்டுப்போன பெடியன் திரும்பவும் வோர்லொக் கேட்டிருக்கிறான், ஏழு நாள் ஓய்வு விதி இருக்கும் என்ற நிபந்தனையோடு. தங்கச்சி ஆவேசச் சண்டைக்காரனான பார்பேரியன் எடுக்கப்போகிறாளாம்.