18,500 ரூபாய்க்கு "தூசியே வராத" சர்க்குலர் சா: பணம் கட்டுவதற்கு முன் படியுங்கள்

வீட்டிலேயே சின்னதாக மரவேலை செய்கிறவர்கள், தூசி பிடிக்கும் சர்க்குலர் சா (வட்ட பிளேடு சுழன்று அறுக்கும் மின்சார ரம்பம்) வாங்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், கொஞ்சம் பொறுத்து இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 18,500 ரூபாய் போயிருக்கிறது. இன்று மதியம் கடை முதலாளி கடைசியாகச் சொன்ன பதில், "இனிமே இது விஷயமா போன் பண்ணாதீங்க சார்." அந்தச் சூட்டோடுதான் எழுதுகிறேன். எந்த மாதிரி ரம்பம் எடுக்கலாம், அதோடு மாட்டித் தூசியை உறிஞ்சும் வேக்கம் (டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர்) எந்த மாதிரி எடுக்கலாம் என்று கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. கோவையில் பவர் டூல்ஸ் விற்கிற கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, நடுவில் அறுத்துக் காட்ட ஒரு மேஜை எல்லாம் உண்டு.

மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு ஷெட் வைத்திருக்கிறேன். பிளைவுட், எம்.டி.எஃப். (மர நாரைப் பசை சேர்த்து அழுத்திய பலகை) அறுத்து ரேக், ஷூ ஸ்டாண்ட், டிவி யூனிட் செய்வேன். ஷெட்டுக்கு நேர் கீழே அப்பாவின் அறை. அவருக்கு வீசிங் உண்டு, இன்ஹேலர் இல்லாமல் தூங்க மாட்டார். போதாததற்குப் பக்கத்து வீட்டுத் துணிக்கொடியும் அந்தப் பக்கம்தான். மரத்தூள் சாதாரண விஷயம் இல்லை. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே அதைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. எம்.டி.எஃப்.பின் பசையில் இருக்கிற ஃபார்மால்டிஹைடும் அதே பிரிவில்தான் இருக்கிறது. இதையெல்லாம் கடையில் நின்று பொறுமையாகச் சொன்னேன். விலை கூடினாலும் பரவாயில்லை, தூசி வெளியே வரக் கூடாது. நான் கேட்டது அது ஒன்றுதான்.

விற்பனைப் பையன் டீ வரவழைத்தான். அப்பாவைப் பற்றிக் கேட்டான். என்ன மாத்திரை, எந்த டாக்டர் என்றுகூடக் கேட்டான். "எங்கப்பாவுக்கும் இதேதான் சார். உங்களுக்குப் போய் தப்பான பொருளைக் கொடுப்பனா?" என்றான். இந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்புறம் டெமோ. 12 எம்.எம். பிளைவுட் துண்டு ஒன்றை மேஜையில் கிளாம்ப் போட்டான். சாவின் பின்பக்கம் ஒரு ஹோஸைச் சொருகினான். நடுவாக நீளத்துக்கு அறுத்தான். மேஜையை விரலால் தேய்த்துப் பார்த்தேன், ஒன்றும் ஒட்டவில்லை. கறுப்புச் சட்டை போட்டிருந்தேன், அதிலும் ஒரு பொட்டுத் தூள் இல்லை. "இதே செட்டுதான் சார் பாக்ஸ்ல இருக்கு. ரம்பம் 9,800, எம் கிளாஸ் டஸ்ட் எக்ஸ்ட்ராக்டர் 8,700. காம்போவா போட்டுடறேன், 18,500." அங்கேயே ஜிபே செய்தேன்.

வீட்டுக்கு வந்து முதல் எம்.டி.எஃப். பலகையில் வைத்து அறுத்தேன். ரம்பத்தின் பக்கவாட்டிலிருந்து தூள் என் முகத்துக்கு வந்தது. அதைவிட அதிர்ச்சி வேக்கத்தின் பின்னால். காற்று வெளியேறும் கம்பி ஜன்னல் வழியாக மாவு மாதிரி மெல்லிய தூள் பீய்ச்சிக்கொண்டு சுவரில் அடித்தது. நீலச் சுவரில் வட்டமாகப் பழுப்புக் கறை. உறிஞ்சியதை அப்படியே பொடியாக்கி ஷெட் முழுக்கத் தெளித்துக்கொண்டிருந்தது அந்த மிஷின். கீழே அப்பா இருமுகிற சத்தம் கேட்டதும் சுவிட்சை அணைத்தேன்.

மூடியைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது கறுப்பு ஸ்பாஞ்சு உறை. அது தண்ணீர் உறிஞ்சும்போது போடுவது. மரத்தூளுக்கு அது சல்லடைகூட இல்லை. எம் கிளாஸ் என்பது தூசி உறிஞ்சும் மிஷின்களுக்கான ஒரு தரப் பிரிவு; அந்தத் தரம் என்றால் உள்ளே போகும் தூசியில் 0.1 சதவீதத்துக்கு மேல் வெளியே விடக் கூடாது. ஹோஸில் காற்றின் வேகம் விநாடிக்கு 20 மீட்டருக்குக் கீழே இறங்கினால் எச்சரிக்கவும் வேண்டும். இதில் எச்சரிக்கை விளக்கும் இல்லை, சத்தமும் இல்லை. "M" என்று சிவப்பில் ஒரு ஸ்டிக்கர் மட்டும் இருந்தது. நகத்தால் சுரண்டினேன். அடியில் கம்பெனியே அச்சடித்திருந்தது: வெட் அண்ட் டிரை வேக்கம், வீட்டு உபயோகத்துக்கு.

ரம்பத்தின் கதையும் அதேதான். சர்க்குலர் சாவின் பற்கள் மரத்துக்குள் கீழிருந்து மேலே ஏறி வெட்டும், அதனால் தூளை மேல் கார்டுக்குள் (பிளேடை மூடும் உறைக்குள்) எறியும். அந்தக் கார்டு பிளேடைச் சுற்றி நன்றாக மூடியிருந்து, தூள் பறக்கும் திசையிலேயே அகலமான வாய் இருந்தால்தான் வேக்கத்தால் இழுக்க முடியும். என்னுடையதில் பிளேடுக்கும் கார்டுக்கும் நடுவே பக்கவாட்டில் விரல் நுழையும் சந்து. வாய் என்று சொன்னது, தனியாக ஸ்குரூ போட்டு ஒட்டவைத்த பிளாஸ்டிக் மூக்கு. அதன் உள் ஓட்டை என் கட்டைவிரலுக்கே இறுக்கம், ரெண்டு அறுப்பிலேயே அடைத்துக்கொண்டது. ஹோஸும் அதில் சரியாக உட்காரவில்லை.

போன் செய்தேன். அதே பையன்தான் எடுத்தான். "புது மிஷின் சார், ஓட ஓட செட் ஆயிடும்." ஃபில்டர் எப்படி செட் ஆகும் என்று கேட்டேன். "ஹோஸ் லூசா இருந்தா இன்சுலேஷன் டேப் சுத்திக்கோங்க சார்" என்றான். ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை.

எல்லாவற்றையும் டிக்கியில் போட்டுக்கொண்டு நேரில் போனேன். முதலாளி கல்லாவில் இருந்தார். நான் பேசி முடிப்பதற்குள், "தூசி வராத ரம்பம் உலகத்துல எங்க சார் இருக்கு?" என்று சிரித்தார். உங்கள் மேஜையில் இருந்ததே என்றேன். அப்போது வேறு யாருக்கோ அதே டெமோ நடந்துகொண்டிருந்தது. இந்த முறை நான் ரம்பத்தைப் பார்க்கவில்லை, ஹோஸ் எங்கே போகிறது என்று பார்த்தேன். மேஜைக்கு அடியில் இறங்கி, கதவிடுக்கு வழியாகப் பின் அறைக்குள் போனது. அங்கே ஆளுயர டிரம் வைத்த டஸ்ட் கலெக்டர் ஓடிக்கொண்டிருந்தது, தச்சுப் பட்டறைகளில் வைப்பார்களே, அது. எனக்கு விற்ற வேக்கம் மேஜையோரம் சும்மா நின்றுகொண்டிருந்தது.

அதைச் சொன்னதும் முதலாளியின் முகம் மாறியது. "கம்பெனி சர்வீஸ் சென்டர்ல கேளுங்க, நாங்க வெறும் டீலர்." சர்வீஸ் சென்டரில் பிளக்கைச் சொருகிப் பார்த்துவிட்டு, "மோட்டார் ஓடுதுங்களே, அப்புறம் என்ன கம்ப்ளெயின்ட்?" என்றார்கள். திரும்பவும் கடைக்கு. "சரி சார், உங்களுக்காக ரெண்டு பிளேடு ஃப்ரீயா எடுத்துக்கோங்க." 18,500 ரூபாய்க்கு ரெண்டு பிளேடு! பில்லைக் காட்டினேன். அவர் அதையே திருப்பி எனக்குக் காட்டினார். அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்று அச்சடித்திருக்கிறது. மேலே "பவர் டூல் காம்போ - 1" என்று மட்டும் எழுதியிருக்கிறது. மாடல் நம்பர் இல்லை, எம் கிளாஸ் என்ற வார்த்தை இல்லை. "அதுல எங்க சார் எம்னு போட்டிருக்கு?" என்று கேட்கிறார்.

அந்த அச்சு வரியைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு குறிக்கவில்லை என்றால் 30 நாள் கணக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் கூப்பிட்டுப் புகார் பதிவு செய்துவிட்டேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, மனுப் போட 2 வருடம் அவகாசம் இருக்கிறது. ஸ்டிக்கர் போட்டோ, ஜிபே ரசீது, நீல டிக் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன். இருக்கிற எரிச்சலில் இவ்வளவுதான் வருகிறது. டெமோ பார்த்தால் ஹோஸின் மறுமுனை வரை நடந்து போய்ப் பாருங்கள். வேக்கத்தின் மூடியைக் கடையிலேயே திறக்கச் சொல்லுங்கள், உள்ளே வெறும் ஸ்பாஞ்சு இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். 10,000 ரூபாய்க்குள் எம் கிளாஸ் என்று யாராவது சொன்னால் அங்கே டீகூடக் குடிக்காதீர்கள். ரம்பத்தின் தூசி வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள், உங்கள் ஹோஸைக் கையோடு கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். முழுப் பலகை அறுப்பதுதான் வேலை என்றால் பிளேடை முழுக்க மூடியிருக்கும் பிளஞ்ச் சா பக்கம் போங்கள், சாதாரண சர்க்குலர் சாவைவிடத் தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதிலும் பலகையின் ஓரத்தை மட்டும் சீவும்போது தூள் கொஞ்சம் வெளியே வரத்தான் செய்யும். அதனால் என்95 மாஸ்க் கட்டாயம், துணி மாஸ்க் ஆகாது. பில்லில் ரெண்டு மிஷினின் மாடல் நம்பரும் தனித்தனியாக வந்த பிறகு பணம் கட்டுங்கள், "காம்போ" என்று எழுதவே விடாதீர்கள்.

எந்த பிளேடுக்கு எத்தனை பல், எது எம்.டி.எஃப்.புக்கு ஆகும் என்பதையெல்லாம் என் 18,500 கைக்கு வந்த பிறகு எழுதுகிறேன்.