கோடு வரையும் ஸ்கிரீன் சேவர்கள்: கடைக் கணினியில் பாவித்த அனுபவம்

களுவாஞ்சிகுடியில் எங்களுடையது சின்னதொரு போட்டோகொப்பிக் கடை. டைப்பிங், பிரிண்ட், ஸ்கேன் என்று வேலை விட்டு விட்டுத்தான் வரும். இடையில் சும்மா கிடக்கும் கவுன்டர் மொனிட்டரில் ஏதாவது ஓடட்டும் என்று, இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரீன் சேவர்களைப் பல வருடமாக மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன். முதல் நாள் வாயைப் பிளக்க வைத்தவை பெரும்பாலும் சீக்கிரம் சலித்துவிட்டன. சாதாரணமாகக் கோடும் வட்டமும் வரைபவைதான் தங்கின.

விண்டோஸோடு வரும் மிஸ்டிஃபை எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1992இல் விண்டோஸ் 3.1 வந்தபோதே இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. கோடுகள் திரையின் ஓரத்தில் முட்டித் திரும்பும், பின்னால் ஒரு வால் இழுபடும். பழைய மெஷினுக்கும் பாரமில்லை. ஆனால் செட்டிங்ஸை அழுத்தினால் மாற்றுவதற்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிடும். வேகத்தையாவது குறைக்க விட்டிருக்கலாம்.

அப்புறம் டெரன்ஸ் வெல்ஷ் எழுதிய ரியலி ஸ்லிக் தொகுப்பு. லேட்டிஸ், ஃபிளக்ஸ், யூஃபோரியா எல்லாம் முப்பரிமாணத்தில் சுழலும். அழகு என்றால் அழகுதான், நிறைய மாற்றவும் விடும். ஆனால் தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் இல்லாத எங்கள் கணினியில் இழுத்து இழுத்துத்தான் ஓடியது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் கடைக்குள் இருக்கிற வெக்கை போதாதென்று சீபீயூ ஃபேனும் இரைய ஆரம்பித்தது. நல்ல கார்ட் உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம்.

2025 ஒக்டோபரில் விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்ததும் அந்த மெஷினுக்கு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டேன். அதில்தான் எக்ஸ்ஸ்கிரீன்சேவர் என்ற தொகுப்பு கிடைத்தது. ஜேமி ஜவின்ஸ்கி 1992இல் தொடங்கியது, இன்றும் புதுப்பிக்கப்படுகிறது. உள்ளே இருநூறுக்கும் மேற்பட்ட படங்கள். கூடுதல் படங்கள் தனிப் பக்கேஜ்களாக வரும், அவற்றையும் சேர்த்துப் போட வேண்டும். ஏற்கனவே உள்ள ஸ்கிரீன் சேவரை நிறுத்தாவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

எனக்குப் பிடித்தது எபிசைக்கிள். ஒரு வட்டத்தின் விளிம்பில் இன்னொரு வட்டம், அதன் விளிம்பில் மற்றொன்று. கடைசி வட்டத்தில் உள்ள புள்ளி போகிற பாதையைத்தான் அது வரைகிறது. பூமியை நடுவில் வைத்துக் கோள்களின் ஓட்டத்தைக் கணித்தவர்கள் பாவித்த அதே முறை. கோடு கன்னாபின்னாவென்று அலைவது போலிருக்கும், கடைசியில் தொடங்கிய இடத்தில் வந்து மூடிக்கொள்ளும்.

பென்ரோஸ் ஒன்றும் உண்டு. கணித அறிஞர் ரோஜர் பென்ரோஸ் 1970களில் கண்டுபிடித்த ஓடு பதிக்கும் முறை. கொழுத்த சாய்சதுரம் ஒன்று, மெலிந்தது ஒன்று, இந்த இரண்டை வைத்தே தளம் முழுவதையும் இடைவெளி இல்லாமல் நிரப்பலாம். ஆனாலும் முழுக்கோலம் ஒரே சீராகத் திரும்ப வராது. டைல்ஸ் பதிக்கிற அண்ணன் ஒருவர் எஸ்டிமேட் பிரிண்ட் எடுக்க வந்தவர், தாளை மறந்து இதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுல அடுத்த வரிசை எப்பிடி வரும் எண்டு புடிக்கவே ஏலாமக் கிடக்கே?"

"வராது அண்ணன், அதுதான் இதிட விசேஷம்."

"அப்ப இத பதிக்கக் குடுத்தா கூலி ரெண்டு மடங்கு," என்றார்.

எதுவென்றாலும் மாறி மாறி வரட்டும் என்று ரேண்டமில் விடுபவர்கள் பட்டியலில் பிஎஸ்ஓடி என்பதற்கு முன்னால் உள்ள சரி அடையாளத்தை எடுத்துவிடுங்கள். கணினி செத்துப்போனது போல நீலத் திரை காட்டும் குறும்பு அது. பிரிண்டுக்குக் காத்து நிற்கிற ஆளுக்குப் பக்கென்று இருக்கும்.

விண்டோஸுக்கு இறக்குபவர்கள் கவனம்: .எஸ்சிஆர் என்று முடியும் ஃபைல் வெறும் படமல்ல, முழு புரோகிராம். வைரஸும் அந்த உடுப்பில் வரும். செய்தவருடைய சொந்தத் தளத்தில் இல்லாததைத் தொட வேண்டாம்.

திரையைக் காக்கும் என்று யாரும் இதைப் போடத் தேவையில்லை. அசையாத படம் திரையின் உட்புறம் பூசிய பாஸ்பரில் பதிந்துவிடும் தொல்லை பழைய குண்டு மொனிட்டர்களுக்கு உரியது, எல்சிடிக்கு அப்படி இல்லை. கரண்டும் மிச்சமாகாது. ஐந்து நிமிடத்தில் கோலம் தொடங்கவும், பதினைந்தில் மொனிட்டரே அணையவும் வைத்திருக்கிறேன். பகல் சாப்பாட்டுக்குப் போகும்போது அதற்கும் காத்திருப்பதில்லை, சுவிட்சை அமத்திவிடுவேன்.